ஏரிக்கரையில் வராத ஆடு

தூக்கம் ஒரு மனிதனிடம் வந்து சேர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தினமும்தான் ஊரே தூங்குகிறது, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அரை வருஷம் தூங்காத மனிதனோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

என் பெயர் தனகோட்டி. என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு, செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் டிரைவர். விடிந்ததும் கிளம்புகிற முதல் வண்டி அவருடையது. எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம், அறுபத்து மூன்றோ நாலோ, மாசி மாதத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது தூக்கத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பாயில் படுப்பார், கூரையைப் பார்ப்பார், புரளுவார், எழுந்து தண்ணீர் குடிப்பார், மறுபடி படுப்பார். கண்ணை மூடினால் மட்டும் என்ன, உள்ளே இருந்த மனிதர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் சும்மா இருக்கிற ஆளா? கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். ஜாதிக்காய் உரசிக் கொடுத்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன். தலைமாட்டைக் கிழக்கே வைத்தேன், தெற்கே வைத்தேன், பாய் வீட்டைச் சுற்றி வந்ததுதான் மிச்சம். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் ராத்திரி வராத தூக்கம் காலையில் பஸ்ஸில் வந்தது, அதனால் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். கடைசியில் சிங்கவரம் மலைக்குப் போய் ரங்கநாதரிடம் முறையிட்டேன். பாறையோடு பாறையாக அவ்வளவு நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கிற சாமி அவர், தூக்கத்தைப் பற்றி வேறு யாரிடம் போய்க் கேட்பது? "உங்களுக்கு இருக்கறதுல ஒரு பொட்டு குடுங்க சாமி" என்று கேட்டேன். அவர் பாட்டுக்குப் படுத்திருந்தார்.

இதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், அதுதான் தொல்லை. பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் தன் சேவலைத் தூக்கிக்கொண்டு போய் வல்லத்தில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். எதிர்வீட்டுக் குழந்தை அழுதால் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவரைக்கும் நடந்தார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, துரைக்கண்ணு தூங்கட்டும் என்று காத்திருந்தது. அந்த நிசப்தத்தில் அவர் கண்ணைத் திறந்தபடி கிடப்பார். "இவ்ளோ பேரு எனக்காவ சும்மா கீறாங்க, எனக்குத் தூக்கம் வரலைன்னா இன்னா அர்த்தம்?" என்று என்னிடம் கேட்பார்.

காலையில் அதைவிட மோசம். நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் சாப்டியா என்றுதான் கேட்போம். அவரை மட்டும் ஊர் "தூங்கினியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்து "இன்னாண்ணே, ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் வண்டி முழுக்க உச்சுக் கொட்டும். பாவம் பார்த்து அவர் "தூங்கினேன்" என்று சொல்லப் பழகினார். பொய் சொன்னோமே என்கிற கவலையும் ராத்திரி பாயில் வந்து படுத்துக்கொண்டது.

ஆடி மாதத்தில் அது நடந்தது. வல்லம் தாண்டி ஏரிக்கரை மேல் வண்டி வரும்போது திடீரென்று ஒரு பக்கமாகத் திரும்பி, கரையின் ஓரத்துக்கே போய், சக்கரம் மண்ணைச் சரித்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. கண்டக்டர் கன்னியப்பன் எழுந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஆடு குறுக்க பூந்துடுச்சி, அண்ணன் ஒடிச்சிட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். பின் சீட்டில் இருந்த அம்மாள் ஒருத்தி, "கறுப்பு ஆடு, நான் பாத்தேன்" என்றே சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அவர் என்னிடம் சொன்னார். "ஆடெல்லாம் வரலை தனகோட்டி. நான் கண்ண மூடிட்டேன்."

 அந்த வண்டியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை தாய்மார்கள். வேலையை விடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்பதும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஜாதிக்காயை எடுத்து உரசினேன்.

அந்த வண்டியில் தொண்டூர் புஷ்பதந்த நயினாரும் இருந்திருக்கிறார். தொண்டூரில் நிலபுலன் உள்ள ஜைனக் குடும்பம். வழியில் எறும்பு போனாலும் காலைத் தூக்கி வைக்கிறவர். ஒரு வாயில்லாத ஜீவனுக்காக அவ்வளவு பெரிய பஸ்ஸையே கரையில் இறக்கிய டிரைவர் என்று அவருக்கு என் வீட்டுக்காரர் மேல் அப்படியொரு மதிப்பு வந்துவிட்டது. ஆவணியில் அவர் மகள் சந்தனாவுக்குக் கல்யாணம், மேல்சித்தாமூரில். பெண் வீட்டாரைத் தொண்டூரிலிருந்து அழைத்துப்போகப் பஸ்ஸை வாடகைக்குப் பேசினார். "வண்டி எதுவா இருந்தாலும் சரி, துரைக்கண்ணுதான் ஓட்டணும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. "வராத ஆட்டுக்குக் கெடச்ச மரியாதை இது" என்றார் அவர். "இந்த ஒரு சவாரி. அதுக்கு முந்தின ராத்திரி நான் தூங்கிட்டா ஓட்டறேன். தூங்கலன்னா சாவிய முதலாளிகிட்ட குடுத்துடுவேன், அப்புறம் ஸ்டேரிங்கத் தொடமாட்டேன்."

கல்யாணத்துக்கு முதல் நாளே வண்டி தொண்டூர் போய்விட வேண்டும். நயினார் என்னையும் அழைத்திருந்தார். ஜாதிக்காய், கசகசா, விளக்கெண்ணெய், அவர் தலையணை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கன்னியப்பனோடு நானும் ஏறினேன். எப்படியாவது அன்றைக்கு அவரைத் தூங்கவைத்துவிட வேண்டும் என்று எனக்குள் வெறியே வந்திருந்தது.

போய் இறங்கியதும் முதல் அடி விழுந்தது. பொழுது இருக்கும்போதே பந்தி போட்டார்கள். கல்யாண வீட்டில் இவ்வளவு சீக்கிரம் சாப்பாடா என்று நினைத்தபடி சாப்பிட்டு முடித்து, நயினார் வீட்டம்மாளிடம் போய், "ராத்திரி படுக்கறப்ப அவருக்கு ஒரு லோட்டா பால் வேணும்மா" என்றேன்.

"பொழுது உழுந்துட்டா எங்க வூட்ல யாரும் எதுவும் சாப்புடறதில்ல. அடுப்பும் மூட்ட மாட்டோம்" என்றார் அந்தம்மாள். "வேணும்னா இப்பவே குடிச்சிடச் சொல்லு."

விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பொட்டு விழுந்து செத்துவிடும் என்று அவர்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு. எனக்கு அது தெரியாதா, தெரியும். செஞ்சிக் கடைத்தெருவிலேயே நயினார்மார்கள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மூட்டையும் ஜாதிக்காயும் அன்றைக்கு அங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. வீடு முழுக்கக் கூட்டம், பந்தலில் மேளக்காரர்கள், படுக்க ஓர் இடமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நயினார் கையில் பூவோடு வந்தார். அவர்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் ஊருக்கு வெளியே இருக்கிற பாறைக்குப் போய் வணங்கிவிட்டு வருவது வழக்கமாம். "வரியா துரைக்கண்ணு? தங்கச்சி, நீயும் வாம்மா" என்றார். வீட்டுச் சந்தடிக்கு அது தேவலை என்று மூட்டையும் கையுமாகப் போனோம்.

பெரிய பாறை ஒன்று பாம்பு படம் எடுத்தது மாதிரி முன்னால் கவிந்திருந்தது. அதன் அடியில் குனிந்து போனேன். தரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாறையிலேயே படுக்கைகள் வெட்டியிருந்தார்கள். ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் அகலம், வழவழவென்று. தலைக்கு மட்டும் கல்லைச் செதுக்காமல் கொஞ்சம் உயரமாக விட்டிருந்தார்கள், அதுதான் தலையணை. தொட்டுப் பார்த்தேன். பகலெல்லாம் வெயில் காய்ந்த ஊரில் அந்தக் கல் சில்லென்றிருந்தது. யார் படுத்து இது இவ்வளவு வழுவழுப்பாயிற்றோ என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ரெண்டாயிரம் வருஷம்னு சொல்றாங்க" என்றார் நயினார், பூவைப் போட்டு வணங்கிவிட்டு.

ரெண்டாயிரம் வருஷமாக ஒரு படுக்கை விரித்தபடி இருக்கிறது. எனக்கு வேறு என்ன தோன்றும்? ரங்கநாதர் இங்கேதான் வழி காட்டியிருக்கிறார் என்று தோன்றியது. மூட்டையை அங்கேயே அவிழ்த்தேன். தலையணையை எடுத்து, ஒரு படுக்கையின் கல் தலையணை மேல் வைத்துவிட்டு, "நயினாரே, உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், இன்னிக்கி ஒரு ராத்திரி இவரு இதுல படுத்துக்கட்டும்" என்றேன்.

நயினார் பதறிப்போய் என் தலையணையை எடுத்துக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. "படுக்கைன்னுதாம்மா பேரு. இது தூங்கறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"முழிச்சிருக்கறதுக்கு" என்றார். "அந்தக் காலத்துல எங்க முனிவருங்க தங்குன எடம் இது. ராவுல ஒரு பக்கமா கொஞ்சம் சாயுவாங்க, அவ்ளோதான். பொரண்டுகூடப் படுக்கமாட்டாங்க, அடியில ஏதாவது ஜீவன் நசுங்கிடும்னு. ஆயுசு முடியப்போவுதுன்னு தெரிஞ்சா சோத்த வுட்டுட்டு, தண்ணிய வுட்டுட்டு, இதுல வந்து கெடப்பாங்க. கடைசி மூச்சு போறப்ப முழிப்பா இருக்கணும். அதுக்குத்தான் இந்தக் கல்லு."

நான் சட்டென்று தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். சாகப் படுக்கிற இடத்தில் புருஷனைக் கிடத்தப் பார்த்தேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராவெல்லாம் முழிச்சிகினா இருப்பாங்க?"

"ஆமா."

"காலைல வந்து, தூங்கினியான்னு யாரும் கேக்கமாட்டாங்களா?"

நயினாருக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது. "யாரு கேப்பா? முழிச்சிருக்கத்தானே வந்தாங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். மாசிக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"நயினாரே, அன்னிக்கி ஏரிக்கரைல ஆடு எதுவும் வரலை" என்றார். "நான் கண்ண மூடிட்டேன். எனக்குத் தூக்கமே இல்ல, ஆறு மாசமா. ஆட்ட வெச்சி நீங்க என்னக் கூப்ட்டீங்க. உங்க பொண்ண ஏத்திகினு நான் அந்தக் கரை மேல போவ முடியாது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று நான் பல்லைக் கடித்தேன். நயினார் குனிந்து, கல்லில் போட்ட பூவை ஒழுங்காக எடுத்து வைத்தார். மேற்கே செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்காக அவர் வைத்த மரியாதை அத்தனையும் அதோடு இறங்குகிறது, நாளைக்கு ஊருக்கே தெரியும், வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று நான் நின்றேன்.

"கன்னியப்பன சைக்கிள்ல செஞ்சிக்கு அனுப்பறேன்" என்றார் நயினார் கடைசியில். "முதலாளி இன்னொரு டிரைவர அனுப்பட்டும். காலைல வண்டிய அவன் எடுப்பான். உனக்கு இன்னிக்கி ராத்திரி வேல இல்ல துரைக்கண்ணு. நீ தூங்கவே வாணாம்."

"வாணாமா?"

"எதுக்குத் தூங்கணும்? வேற ஆளு வரான்."

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் அந்தக் குகைக்கு வெளியே, பாறையில் முதுகைச் சாய்த்து வெறும் தரையில் உட்கார்ந்தார். "நான் இங்கயே முழிச்சிகினு இருக்கறேன். நீ போய்ப் படு" என்றார். நான் போகவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். விளக்கெண்ணெயைக்கூட எடுக்கவில்லை.

மேற்கே வானம் சிவந்து, கோட்டையின் மூன்று மலைகளும் கறுத்து நின்றன. அவர் நல்ல விழிப்போடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்க வேண்டும் என்று அவர் கண்ணை மூடவில்லை, அதை நான் சத்தியம் செய்வேன். முதலில் அவர் இடது கைதான் மாறியது. அரை வருஷமாகப் பாயில்கூட அது கியரைப் பிடித்தபடியே மடங்கிக் கிடக்கும். அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அப்புறம் தாடை தளர்ந்தது. நெற்றியில் இருந்த கோடு, நான் எவ்வளவு எண்ணெய் தேய்த்தும் போகாத கோடு, தானாக அழிந்தது. மூச்சு ஒருமுறை நின்ற மாதிரி இருந்து, அடி வயிற்றிலிருந்து நீளமாக வந்தது. தலை தோளில் சாய்ந்தது. பிறகு உடம்பு மெல்லச் சரிந்து, அந்தக் கல் படுக்கைகளுக்கு வெளியே, புழுதியில், ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது.

நான் மூச்சுவிடப் பயந்தேன். கோட்டையைக் கட்டினவர்களைப் பற்றி ஊரில் எத்தனையோ கதை சொல்வார்கள், அதையெல்லாம் கேட்டு நான் வாயைப் பிளந்தது கிடையாது. அன்றைக்கு ஒரு மனிதன் தூங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இவ்வளவு பெரியதா இது? இது இல்லாமலா இவர் இத்தனை நாள் உயிரோடு இருந்தார்? யார் கூப்பிட்டும் வராதது, எந்தப் பாலுக்கும் எந்தச் சாமிக்கும் மசியாதது, கூப்பிடாத இடத்துக்குத் தானாக நடந்து வந்து அவரை எடுத்துக்கொண்டது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன்.

கீழே பந்தலில் மேளம் முழங்கியது, நாய் குரைத்தது. அவர் அசையவில்லை. எங்கள் தெரு சேவலை நாடு கடத்தியதை நினைத்து நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். தலையணையை அவர் தலைக்குக் கீழே வைக்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இருட்டிய பிறகு நயினார் ஒரு போர்வையோடு வந்தார். இவர் தூங்குவதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். போர்வையை என் கையில் கொடுத்துவிட்டு, கை கூப்பினார். கல்லைக் கும்பிட்டாரா, இவரைக் கும்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

முகத்தில் வெயில் விழுந்த பிறகுதான் அவர் எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நாக்கு நுனியில் அந்தக் கேள்வி வந்து நின்றது. அதைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் வரவில்லை என்பதுதான் பாக்கி. அவர் குளத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நயினார் வீட்டு வாசலில் பஸ் மாவிலை கட்டி நின்றது. புது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கல்யாணக் கூட்டம் முழுக்கப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஏறக் காத்திருந்தது, அதில் பாதிப் பேர் எங்கள் பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள். அவரைப் பார்த்ததும் கன்னியப்பன் "அண்ணே, ராத்திரி..." என்று ஆரம்பித்தான். நான் முறைத்த முறையில் மீதியை விழுங்கினான். மற்றவர்களையும் ஒரு சுற்று முறைத்தேன். அவர் பாட்டுக்கு இலையில் உட்கார்ந்து, ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து, புது டிரைவருக்குப் பின்னால் ஏறப் போனார்.

"நில்லு" என்றார் நயினார்.

கிட்டே வந்து என் வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, நெல் வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். எங்களை விட்டால், ஆடு வரவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நயினார்தான். அவர் திரும்பிப் புது டிரைவரிடம், "தம்பி, நீ எறங்கிப் போய் சாப்புடு. கல்யாணத்துக்கு வந்தவனா வண்டில வா" என்றார். பிறகு மகள் சந்தனாவின் கையைப் பிடித்து ஏற்றி, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்காரவைத்தார்.

என் வீட்டுக்காரர் ஸ்டேரிங்கைப் பிடித்தார். இடது கை பழையபடி கியரில் இறுகியது. நயினார் வெளியே சுற்றி வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். வண்டி முழுக்க மூச்சைப் பிடித்தது. நயினாரும் அதைத்தான் கேட்கப் போகிறார் என்று நான் முந்தானையைத் திருகினேன்.

"சாப்டியா துரைக்கண்ணு?" என்றார் நயினார்.

 "சாப்டேன் நயினாரே" என்றார் என் வீட்டுக்காரர். கியரில் இருந்த விரல்கள் தளர்ந்தன. வண்டியை எடுத்தார்.